ஒன்றே முக்கால் துரோகி

சூசைநாதனின் மகள் தேசத்துரோகி ஆகிவிட்ட சேதி, சேதராப்பட்டில் கம்பெனி கேன்டீனில் அவன் இரண்டாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தபோது போனில் வந்தது. சொன்னவள் அவன் மனைவி ரீட்டா.

"ஏங்க, நம்ம சுகந்திய பிரெஞ்சுக்காரன் பக்கம் போட்டுட்டாங்களாம். அழுவுறா. நேத்து ராவுலேர்ந்து சோறு வேணாங்கறா."

"எந்த பிரெஞ்சுக்காரன்?"

"எனக்கு இன்னா தெரியும்? ஸ்கூல்ல போட்டுட்டாங்க. நாட்டைக் காட்டிக் குடுக்கற வேஷமாம்."

சூசைநாதன் இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டான். அட்டைப் பெட்டி மடிக்கும் மெஷினில் வேலை பார்ப்பவன் அவன். அவனுக்குத் தெரிந்து பிரான்ஸ் என்பது கால்பந்து உலகக் கோப்பையில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஓடுகிற ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்கும் எட்டாம் வகுப்பு மரிய சுகந்திக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்கு விளங்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த ஒடிசாக்காரப் பையன் "இட்லி வேணுமா வேணாமா?" என்று சைகையில் கேட்டான். சூசைநாதன் தட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தான்.

விஷயம் இதுதான். புதுச்சேரியில் ஒரு வாடகை மாடியில் அனுபவ வரலாற்று இயக்ககம் என்று ஓர் ஆபீஸ் இருக்கிறது. பிள்ளைகள் வரலாற்றைப் படிக்கக் கூடாது, வாழ வேண்டும் என்பது அதன் கொள்கை. போன வருடம் அவர்கள் ஒரு பள்ளியில் பல்லவர் காலத்தை வாழ வைத்தார்கள். பல்லவர் காலத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகள் ஒரு வாரம் பல்லவர் காலத்துப் பேதியில் கிடந்தார்கள். 'மாணவர்கள் கடந்த காலத்தை உடலால் உணர்ந்தனர்' என்று ஆண்டறிக்கையில் எழுதி, அந்த அறிக்கைக்கு ஒரு விருதும் வாங்கிவிட்டார்கள்.

இந்த வருடம் அவர்கள் கண் ஏரிச்சாவடி மீது விழுந்தது. ஏரிச்சாவடி வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தின் ஓரத்தில் இருக்கிறது. ஓரம் என்றால் சரியான ஓரம். நடுநிலைப் பள்ளி மைதானத்தின் கோடியில் ஒரு வேப்பமரம், அந்த மரத்தோடு புதுச்சேரி முடிந்துவிடும். பந்து மரத்தைத் தாண்டிப் போனால் "தமிழ்நாட்டுக்குப் பூட்ச்சுடா!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். அங்கிருந்து சைக்கிள் மிதித்தால் கீழூர். பிரெஞ்சுக்காரன் போவதற்கு முன்னால், ஐம்பத்து நாலாம் வருடம், ஊர்ப் பிரதிநிதிகள் நூற்றெழுபத்தெட்டுப் பேர் கூடி ஓட்டுப் போட்ட இடம். நூற்றெழுபது பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த ஓட்டெடுப்பை ஏரிச்சாவடிப் பிள்ளைகள் வாழ்ந்து காட்ட வேண்டும் என்று உத்தரவு. ஏன் கீழூரிலேயே வாழக் கூடாது என்று யாரும் கேட்கவில்லை. கீழூரில் வெயில் அதிகம், ஏரிச்சாவடியில் வேப்பமரம் இருக்கிறது.

இயக்ககத்தின் இணை இயக்குநர் புகழ்வேந்தன் நேரில் வந்து வேஷம் பிரித்தார். கதர்ச் சட்டை, கூலிங் கிளாஸ், பேசும்போது கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம். ஆறு முதல் எட்டுவரை பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். முப்பத்தொன்பது என்று சமூக அறிவியல் கஸ்தூரி டீச்சர் சொன்னார். புகழ்வேந்தன் போனில் கணக்குப் போட்டார். நூற்றெழுபத்தெட்டுக்கு எட்டு என்றால் முப்பத்தொன்பதுக்கு ஒன்றே முக்கால்.

"ஒன்றே முக்கால் பேர் எதிர்த்து ஓட்டுப் போடணும்," என்றார்.

"ரெண்டு பேர்னு வெச்சிக்கலாமா சார்?" என்றார் டீச்சர்.

"எப்படிம்மா? இல்லாத கால் துரோகியை அரசாங்கச் செலவுல நாம உற்பத்தி பண்றதா?"

"அப்ப ஒருத்தர் போதுமா சார்?"

"முக்கால் பேரை வரலாற்றிலேர்ந்து அழிக்கச் சொல்றீங்க. உங்களுக்கு எத்தனை வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கு?"

புகழ்வேந்தன் கண்ணை மூடி யோசித்து ஒரு தீர்வு கண்டார். ஒரு பிள்ளை முழுத் துரோகி. இன்னொரு பிள்ளை முக்கால் துரோகி. முக்கால் துரோகி வேண்டாம் என்று சொல்லிவிட்டு உடனே அழ வேண்டும். நிகழ்ச்சி முடிவில் வரும் கும்மியில் அவன் கலந்துகொள்ளலாம், ஆனால் கொடி பிடிக்கக் கூடாது.

"சரி, இங்க பிரெஞ்சுக்காரங்க யார் இருக்கீங்க?" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார். ஒருவரும் எழவில்லை. வருகைப் பதிவேட்டை வாங்கி விரலால் தடவிக்கொண்டே போனார். "மரிய சுகந்தி. ஜான் பீட்டர். இதோ இருக்காங்களே!" என்றார், தொலைந்த சாவி கிடைத்தவர் போல. கஸ்தூரி டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சர்வீஸ் ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

மீதி முப்பத்தேழு பிள்ளைகளும் விடுதலைத் தலைவர்கள். எல்லாரும் தலைவர் என்றால் யார் பெரிய தலைவர் என்று அடிதடி நடந்தது. கரும்புக் காணிக்காரர் பலராமன் ஷாமியானா போட ஒத்துக்கொண்டதால் அவர் மகன் அரிகரன் தலைமைத் தலைவர் ஆனான். அவனுக்கு ஒரு வாளும் கொடுத்தார்கள். ஐம்பத்து நாலில் ஓட்டுப் போடப் போனவர் கையில் வாள் எதற்கு என்று டீச்சர் கேட்டதற்கு, "சனங்களுக்குத் தலைவர்னு தெரிய வேணாமா?" என்றார் புகழ்வேந்தன்.

சூசைநாதன் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடினான். புகழ்வேந்தன் தலைமையாசிரியர் அறையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், நாங்க பிரெஞ்சு இல்லீங்க சார். எங்க தாத்தா கரும்பு வெட்டனவரு. வெள்ளக்காரனைக் கண்ணால பாத்ததில்ல."

"பேரு சூசைநாதன்தானே?"

"ஆமாங்க."

"அப்புறம் என்ன? வரலாற்றை நீங்க மறந்துட்டீங்க. வரலாறு உங்களை மறக்கல."

"சார், பிரெஞ்சு பாஸ்போர்ட்டு இருந்தா நான் எதுக்கு சார் சேதராப்பட்டுல ஷிப்டு பாக்கறேன்? பாரீசுல உக்காந்து பென்ஷன் வாங்க மாட்டேனா?"

புகழ்வேந்தன் கண்ணை மூடிக்கொண்டார். பேச்சு வரப்போகிறது என்று பக்கத்தில் நின்ற கஸ்தூரி டீச்சருக்குத் தெரிந்தது. "இது வேஷம் இல்லைங்க. அனுபவம். ஒரு குழந்தை துரோகியா வாழ்ந்து பாத்தாத்தான் துரோகம்னா என்னன்னு அதுக்குப் புரியும். மத்தக் குழந்தைங்களுக்கும் யாரை வெறுக்கணும்னு ஒரு தெளிவு வரும். தெளிவான வெறுப்பு இல்லாம வரலாறு எப்படிங்க சொல்லித் தர்றது?"

சூசைநாதனுக்கு இதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதி பிடிக்கவில்லை. கடைசியாகக் கெஞ்சிப் பார்த்தான். "அந்த முக்காலாவது குடுங்க சார். அழுதுட்டுக் கும்மியில சேந்துக்குவா."

"முக்கால் போயிடுச்சுங்க. ஜான் பீட்டரோட மாமா எம்.எல்.ஏ. ஆபீஸ்ல இருக்கார். நீங்க இயக்ககத்துக்கு ஒரு மனுக் குடுங்க. பரிசீலிப்போம்."

இயக்ககத்துக்குப் போவது அவ்வளவு லேசில்லை. கொள்கையில் ஊறிய ஆபீஸ் அது. பிள்ளைகளுக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டுத் தாங்கள் சும்மா இருப்பதா என்று ஊழியர்களும் கிழமைக்கு ஒரு காலத்தில் வாழ்ந்தார்கள். சூசைநாதன் முதலில் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய் பிரெஞ்சுக் காலம். பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். மூன்று மணிவரை தூக்கம். மூன்று மணிக்குக் கதவைத் திறந்து, தூங்கிய முகத்தோடு ஒருவர் வந்து, மனு தமிழில் இருக்கிறது, இன்று தமிழ் செல்லாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து ஒரு வெள்ளிக்கிழமை போனான். வெள்ளி சோழர் காலம். தலைப்பாகை கட்டிய பியூன் காகிதத்தைத் தொடவே மாட்டேன் என்றார். காகிதம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லையாம். ஓலையில் எழுதிக் கொண்டு வந்தால் குடத்தில் போடலாம், குடம் நிறைந்ததும் சபை கூடும். "ஓலைக்கு நான் எங்கய்யா போவேன்?" என்று சூசைநாதன் கேட்டான். பியூன் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கெழம வாப்பா. அன்னிக்கு நிகழ்காலம். ஆனா யாரும் வர மாட்டாங்க."

திங்கட்கிழமை போனான். யாரும் வரவில்லை. அதே பியூன் பேன்ட் சட்டையில் உட்கார்ந்து மனுவை வாங்கி முத்திரை குத்தினார். மூன்று அரை நாள் சம்பளம் போயிற்று. 'எனது மகளின் ஓட்டை வேண்டும் என்று மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று டீச்சர் எழுதிக் கொடுத்த மனு அது. நடந்து முடிந்து எழுபது வருடம் ஆன ஓட்டை மாற்றச் சொல்லி மனுக் கொடுத்த முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டான். சிரிப்பும் வந்தது, பயமும் இருந்தது. ஊரில் பெயர் கெட்டால் கெட்டதுதான். நாளைக்கு அந்தப் பெண்ணை எங்கே கட்டிக் கொடுப்பது?

பள்ளியில் இதற்குள் எல்லாரும் முழு மூச்சாக வாழ ஆரம்பித்திருந்தார்கள். துரோகியோடு பேசக் கூடாது என்று இயக்ககம் கொடுத்த கையேட்டில் இருந்ததால் சுகந்தியின் பெஞ்சு காலியாயிற்று. பக்கத்தில் உட்காரும் சரண்யா பின் பெஞ்சுக்குப் போய், அங்கிருந்து மன்னிப்புக் கேட்கும் பாவனையில் கொய்யாப் பிஞ்சு எறிந்தாள். அது சுகந்தியின் மண்டையில் பட்டதும் வகுப்பே கைதட்டியது. தண்ணீர்க் குழாயடியில் ஆறாம் வகுப்புப் பொடிசுகள் "ஏய், தொரோகி வருதுடா!" என்று வழிவிட்டு நின்றன. சுகந்தி தினம் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டு அழுதாள். ரீட்டா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, புகழ்வேந்தனுக்கு ஏதாவது ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். பாவம் என்று தோன்றி, பெரிதாக ஒன்றும் வேண்டாம், கால் சுளுக்கினால் போதும் என்று திருத்திக்கொண்டாள்.

மதியச் சோற்றில் முட்டையும் நின்றது. அன்றைக்குச் சனங்கள் பஞ்சத்தில் வாடினார்கள், அதைப் பிள்ளைகள் வயிற்றால் உணர வேண்டும் என்பது புகழ்வேந்தனின் ஏற்பாடு. நின்ற முட்டைகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. இயக்ககத்தின் பொலேரோ ஜீப் மட்டும் தினம் பின் சீட்டில் முட்டை அட்டைகளோடு போனது.

தலைவர்கள் முப்பத்தேழு பேருக்கும் பேச வேண்டிய பேச்சை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே பேச்சு. துரோகிக்குப் பேச்சு இல்லை. 'எதிர்ப்பவர் தம் காரணத்தைச் சொந்தச் சொற்களில் கூறுவார்' என்று கையேட்டில் ஒரு வரி மட்டும் இருந்தது. துரோகி என்ன பேசுவான் என்று எழுதத் தெரிந்தவர் இயக்ககத்தில் யாரும் இல்லை. எழுதினால் எழுதியவர் மேல் சந்தேகம் வரும் என்றும் பயம்.

"அந்த எட்டுப் பேரு ஏன் வேணாம்னாங்க டீச்சர்?" என்று சுகந்தி கேட்டாள்.

"என் புத்தகத்துல இல்லம்மா," என்றார் கஸ்தூரி டீச்சர். "நீயே யோசிச்சுப் பாரேன். அவங்க எடத்துல நீ இருந்தா எதுக்குப் பயப்படுவ?"

இருபது வருட சர்வீஸில் ஒரு பிள்ளையிடம் தான் இப்படிக் கேட்டதே இல்லை என்று டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வில்லியனூர் மார்க்கெட்டில் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு, அப்பனும் மகளும் மொபெட்டில் வந்துகொண்டிருந்தார்கள். சுகந்தி பின்னாலிருந்து திடீரென்று கேட்டாள்.

"ப்பா, போன வருஷம் உங்க கம்பெனியை வேற மொதலாளி வாங்கனப்போ எல்லாரும் ஒடனே கையெழுத்து போட்டாங்களாமே. நீ மட்டும் ஏன் கடைசியா போட்ட? அம்மா சொல்லிச்சு."

"பயந்தான்."

"பழைய மொதலாளி நல்லவரா?"

"அவனா? திருட்டுப்பய. ஆனா எந்த நேரத்துல எவ்ளோ திருடுவான்னு எங்களுக்குத் தெரியும். புதுசா வர்றவன் இன்னா பண்ணுவான்னு யாரும் சொல்லல. கேட்டா, மொதல்ல கையெழுத்து போடுப்பா, அப்பறமா பேசிக்கலாம்னானுங்க. சொல்லிட்டுக் கேளுங்கய்யான்னேன்."

"சொன்னாங்களா?"

"எங்க? கம்பெனி பஸ்ஸை நிறுத்திட்டானுங்க. அதான் இந்த மொபெட்டு."

சுகந்தி அன்று மதியம் இரண்டு தடவை சோறு வாங்கித் தின்றாள். பிள்ளை தேறிவிட்டது என்று சூசைநாதனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நிகழ்ச்சி நாளன்று ஏரிச்சாவடி திரண்டு வந்தது. ஷாமியானா, சீரியல் பல்பு, மைக் செட். வேப்பமர நிழலில் ஒரு மேஜை, மேஜை மேல் ஓட்டுப் பெட்டியாக ஒரு பிஸ்கட் டின். புகழ்வேந்தன் மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடினார்.

"பெரியோர்களே! இன்று உங்கள் குழந்தைகள் சுதந்திரமாக முடிவெடுக்கப் போகிறார்கள். எந்த முடிவு எடுக்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். வரலாறு என்பது என்ன? நடந்தது அல்ல. நடந்ததாக நாம் ஒப்புக்கொண்டது! அதை இந்தப் பிஞ்சு நெஞ்சங்கள் தாமாகவே கண்டுபிடிக்கும். கண்டுபிடிக்காத குழந்தைக்குச் சான்றிதழ் கிடையாது!"

அரிகரன் வாளைச் சுழற்றிப் பேசினான். அவனுக்குப் பின் முப்பத்தாறு தலைவர்கள் அதே பேச்சைப் பேசினார்கள். பத்தாவது தலைவரில் சனம் முறுக்கு வாங்கப் போனது. இருபதாவது தலைவரில் தலைமையாசிரியர் தூங்கிவிட்டார். பிறகு முக்கால் துரோகி ஜான் பீட்டர் ஏறினான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அழ வேண்டியவன், மைக்கைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்து, சொல்லாமலே இறங்கிவிட்டான்.

கடைசியில் சுகந்தி. தொப்பி போட்டு, அப்பனின் வேட்டியைக் கட்டியிருந்தாள். கூட்டத்தில் யாரோ ஊளையிட்டார்கள். கடைசி வரிசையில் நின்றிருந்த சூசைநாதன் ரீட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டான். மனு என்ன ஆயிற்று என்று காலையிலும் ஒரு தடவை புகழ்வேந்தனைக் கேட்டிருந்தான். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில்.

"எனக்கு இந்தியா மேல கோவம் இல்ல," என்று ஆரம்பித்தாள் சுகந்தி. "வெள்ளக்காரன் நல்லவன்னும் நான் சொல்லல. ஆனா என் புள்ள அவன் பட்டாளத்துல சிப்பாயா இருக்கான். நாளைக்கு அவனுக்கு பென்ஷன் யாரு குடுப்பா? என் காணிப் பத்திரம் பிரெஞ்சுல இருக்குது. புதுசா வர்ற ஆபீசர் அதைப் படிப்பாரா, இல்ல காணியே ஒன்னுது இல்லன்னுவாரா?"

"அட, கரெக்டுப்பா!" என்று முன் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பலராமன். அவருடைய கரும்புக் காணி ஒன்று, பிரெஞ்சுப் பத்திரத்தைப் படிக்க ஆள் இல்லாமல் இன்னும் பதிவாகாமல் கிடக்கிறது. ஷாமியானா போட்டவர் தாம்தான் என்பதையும் மகன் கையில் வாள் இருப்பதையும் மறந்து கைதட்டினார்.

சுகந்திக்குத் தைரியம் வந்துவிட்டது. "இதெல்லாம் கேட்டா, மொதல்ல ஓட்டப் போடு, அப்பறமா சொல்றோம்ங்கறீங்க. சொல்லிட்டுக் கேளுங்க. நான் சந்தோசமா போடறேன். அதுவரைக்கும் எனக்கு வேணாம்." இறங்கப் போனவள் திரும்பி வந்து மைக்கில் வாயை வைத்தாள். "புள்ளைங்களுக்கு முட்டை எப்ப வரும்னும் சொல்லிடுங்க."

விசில் பறந்தது. புகழ்வேந்தன் கண்ணைத் திறந்துவிட்டார்.

ஓட்டெடுப்பு ரகசியமாகத்தான் நடந்தது. கையேட்டில் அப்படித்தான் இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வேப்பமரத்தடிக்குப் போய்ச் சீட்டைப் பிஸ்கட் டின்னில் போட்டார்கள். கஸ்தூரி டீச்சர் எண்ணினார். எண்ணிவிட்டு மறுபடி எண்ணினார். புகழ்வேந்தன் காதருகில் போய், "வேண்டும் மூணு சார். வேண்டாம் முப்பத்தாறு," என்றார்.

"சரியா எண்ணுங்க."

"சரியாத்தான் சார் எண்ணினேன்."

"சரியானது வர்றவரைக்கும் எண்ணுங்க!"

வேண்டும் என்று போட்ட மூவரில் ஒருவன் ஜான் பீட்டர். பயத்தில் மாற்றிப் போட்டுவிட்டதாக அவனே எழுந்து சொல்லி இன்னொரு தடவை அழுதான். இன்னொருவன் அரிகரனாக இருக்கும் என்று பார்த்தால், அவன் வாளை ஊன்றிக்கொண்டு, "நான் முட்டைக்குத்தான் போட்டேன்," என்று பக்கத்துப் பையனிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தான். புகழ்வேந்தன் ஷாமியானாவுக்குப் பின்னால் ஓடிப்போய் யாருக்கோ போன் போட்டார். அவர் குரல் மைக்குக்குக் கேட்கிற தூரத்தில் இருந்தது.

"சார், பிரெஞ்சுக்காரன் ஜெயிச்சுட்டான் சார்... இல்ல சார், ஏரிச்சாவடியில மட்டும்தான் சார்... வில்லியனூர் நம்ம கையிலதான் சார் இருக்கு... இதோ சார், மீட்டுடறேன் சார்."

திரும்பி வந்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "ஒரு சிறிய தொழில்நுட்பக் கோளாறு. ஓட்டுப் பெட்டி வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த இடம் விழுப்புரம் மாவட்டம். ஐம்பத்து நான்கில் அந்த இடம் ஏற்கெனவே இந்தியா. ஏற்கெனவே சேர்ந்த இடத்தில் சேரலாமா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு நடத்துவது அரசியல் சட்டத்துக்கு விரோதம். ஆகவே இந்த ஓட்டு செல்லாது!"

இரண்டு பேர் மேஜையைத் தூக்கி மூன்றடி தள்ளிப் புதுச்சேரிக்குள் வைத்தார்கள். இந்தத் தடவை சீட்டு இல்லை, கை தூக்கினால் போதும் என்றார் புகழ்வேந்தன். ரகசியம் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கமாம். ஒவ்வொரு வரிசைக்குப் பின்னாலும் இயக்ககத்து ஆள் ஒருவர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றார். சான்றிதழ்களை மேஜையில் எல்லாருக்கும் தெரியும்படி அடுக்கினார்கள்.

பிறகு அவர் நேராகச் சூசைநாதனிடம் வந்தார். தோளில் கை போட்டார். ஊரே பார்த்தது.

"உங்க மனு ஏற்கப்பட்டது," என்றார். "இப்பவே, இந்த நிமிஷமே. உங்க பொண்ணோட ஓட்டை வேண்டும்னு மாத்தியாச்சு. துரோகியே வேணாம், முப்பத்தொன்பதும் வேண்டும். அந்த எட்டுப் பேர அடுத்த வருஷம் பாத்துக்கலாம். கையத் தூக்கச் சொல்லுங்க."

சூசைநாதன் ஒரு மாதமாகக் கேட்டது இதைத்தான். இதற்காகத்தான் பிரெஞ்சுக் காலத்துக் கதவையும் சோழர் காலத்துக் குடத்தையும் பார்த்துவிட்டு வந்தான். சரி என்று தலையாட்டினால் முடிந்தது. நாளை முதல் மகள் பெஞ்சில் கூட்டம் உட்காரும், குழாயடியில் யாரும் வழிவிட மாட்டார்கள். அவன் மகளைப் பார்த்தான். தொப்பி கண்ணுக்கு இறங்கியிருந்தது. அதைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவளும் அவனையே பார்த்தாள். அப்பா என்ன சொல்கிறாரோ அதைச் செய்துவிடலாம் என்ற முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம் வந்தது. தன் மேலும்தான்.

தோளிலிருந்த கையை எடுத்துவிட்டான்.

"சார், மனுவ வாபஸ் வாங்கிக்கறேன்."

"என்னது?"

"எம் பொண்ணு நாலு கேள்வி கேட்டுச்சு. நீங்க ஒண்ணுக்கும் பதில் சொல்லல. மேஜையத்தான் தூக்கி வெச்சீங்க. அது கையத் தூக்காது."

"வாபஸ் மனுவெல்லாம் இங்க வாங்க முடியாது. ஆபீசுக்கு வரணும்."

"வர்றேன் சார். வெள்ளிக்கிழமை ஓலையோட வர்றேன்."

ரீட்டா சிரித்துவிட்டாள். மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். புகழ்வேந்தன் மேஜைக்குத் திரும்பி ஒன்று, இரண்டு, மூன்று சொன்னார். முப்பத்தெட்டுக் கைகள் எழுந்தன. சில கைகள் மெல்ல எழுந்தன, ஜான் பீட்டர் இரண்டு கையையும் தூக்கினான். சுகந்தி தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பொண்ணு படத்துல வராமப் பாத்துக்கோ," என்று புகழ்வேந்தன் வீடியோ எடுப்பவரிடம் சொல்லிவிட்டு, ஏரிச்சாவடி ஏகமனதாக இந்தியாவோடு சேர்ந்துவிட்டது என்று அறிவித்தார். பட்டாசு வெடித்தது. மறுநாளே மதியச் சோற்றில் முட்டை வந்துவிட்டது. ஆண்டறிக்கையில் அதற்கு 'விடுதலைக்குப் பிந்தைய செழிப்பு' என்று பெயர்.

ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சூசைநாதன் மொபெட்டைக் கிளப்பினான். ரீட்டா பின்னால், சுகந்தி நடுவில். சான்றிதழ் கிடைக்கவில்லை. வேட்டி சக்கரத்தில் மாட்டாமல் இருக்க அவள் அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். மொபெட் கரும்புக் கொல்லையைத் தாண்டியது.

"ப்பா," என்றாள் சுகந்தி.

"இன்னா?"

"நெஜமாவே வேணாம்னு போட்டாங்களே அந்த எட்டுப் பேரு. போட்டுட்டு அன்னிக்கு இன்னா பண்ணியிருப்பாங்க?"

சூசைநாதன் யோசித்துப் பார்த்தான். அவன் படித்த எதிலும் அது இல்லை.

"இன்னா பண்ணுவாங்க? வூட்டுக்குப் போயி சோறு துன்னுட்டுப் படுத்திருப்பாங்க. மறாநாளு எழுந்து கரும்புக் கொல்லைக்கு வேலைக்குப் போயிருப்பாங்க. மத்த நூத்தி எழுவது பேரு கொல்லைக்குப் பக்கத்துலதான அவங்க கொல்லையும் இருந்திருக்கும்."